1957: வேல்ஸ் சேர்ந்து எதிர்த்தும் ஒரு பள்ளத்தாக்கு மூழ்கியது எப்படி?

வேல்ஸின் மேற்குக் கரையில் அபெரிஸ்ட்வித் நகருக்குத் தெற்கே, சாலையோரத்தில் ஒரு பாழடைந்த கல் சுவர் இருக்கிறது. சிவப்புப் பூச்சின் மேல் வெள்ளை எழுத்தில், ‘ட்ரவெரினை மறவாதீர்’ என்று வேல்ஷ் மொழியில் எழுதியிருக்கும். ட்ரவெரின் என்பது இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் தர அணை கட்டி மூழ்கடிக்கப்பட்ட ஒரு வேல்ஸ் பள்ளத்தாக்கு. 2019 ஏப்ரலில் யாரோ அந்தச் சுவரின் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினார்கள். உடனே அது திருப்பிக் கட்டப்பட்டது. அதோடு நிற்காமல், அதே வாசகம் வேல்ஸ் முழுக்கப் பல சுவர்களில் முளைத்தது. செய்தியைப் பார்த்த வெளிநாட்டு வாசகர்கள் குழம்பிப்போனார்கள். எப்போதோ மூழ்கிய ஒரு சின்ன கிராமத்துக்காகவா இத்தனை கோபம்?

கோபத்தின் வேர் கிராமத்தில் மட்டும் இல்லை. 1957-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நடந்த ஒரு நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒரே ஆண்டில் வேல்ஸின் அரசியலிலும் பண்பாட்டிலும் வேறு சில சம்பவங்களும் அடுத்தடுத்து நடந்தன. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் அடிப்படை: அன்றைய வேல்ஸின் நிலை

16-ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றியின் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தன. அதன்பின் இரண்டும் ஒரே சட்ட எல்லை. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்ட அமைப்பு உண்டு, 1885 முதல் தனி அமைச்சரும் உண்டு. அன்று வேல்ஸுக்கு இரண்டுமே இல்லை. லண்டன் நாடாளுமன்றத்தின் 630 இடங்களில் வேல்ஸுக்கு இருந்தவை 36.

1950-களில் சில அடையாளங்கள் கிடைத்தன. 1951-ல் ‘வேல்ஸ் விவகார அமைச்சர்’ என்ற பட்டம் உருவானது. தனித் துறை எதுவும் கிடையாது. வேறொரு பெரிய துறையை வைத்திருக்கும் அமைச்சரின் கழுத்தில் கூடுதலாகத் தொங்கவிட்ட பட்டயம் அது. 1949 முதல் ‘வேல்ஸ் மற்றும் மன்மத்ஷயர் ஆலோசனை மன்றம்’ என்ற ஒன்று இயங்கியது. அதன் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை, நியமிக்கப்பட்டவர்கள். 1955 டிசம்பரில் கார்டிஃப் நகரம் வேல்ஸின் தலைநகரம் என்று அறிவிக்கப்பட்டது. தலைநகரம் வந்ததே தவிர, அங்கே உட்கார்ந்து முடிவெடுக்க ஒரு சபை வரவில்லை.

சபை கேட்டு இயக்கம் நடக்காமல் இல்லை. வேல்ஸுக்கு ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்று ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் கையெழுத்திட்ட மனு 1956-ல் லண்டனில் கொடுக்கப்பட்டது. பலன் எதுவும் இல்லை. அதே காலத்தில் மொழியும் தேய்ந்துகொண்டிருந்தது. 1951 கணக்கெடுப்பில் வேல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 28.9 சதவீதம். பத்து வருடம் கழித்து அது 26 சதவீதம். வடமேற்கிலும் மேற்கிலும் இருந்த கிராமப்புறங்களில்தான் அது இன்னும் அன்றாடப் பேச்சாக, கூச்சமில்லாத முழு மொழியாகப் புழங்கியது. அப்படி ஒரு பகுதிதான் மெரியனெத் மாவட்டத்தில், பாலா என்ற ஊருக்கு மேலே இருக்கும் ட்ரவெரின் பள்ளத்தாக்கு. அதற்குள் இருந்த கிராமத்தின் பெயர் கபெல் கெலின்.

லிவர்பூலுக்கு எதற்கு வேல்ஸ் தண்ணீர்?

இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் வேல்ஸ் மலைகளில் தண்ணீர் எடுப்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. மழை அதிகம், பள்ளத்தாக்குகள் ஆழம், ஜனத்தொகை குறைவு. பொறியாளர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1880-களில் லிவர்பூல் மாநகராட்சி வெர்னுவி ஆற்றின் குறுக்கே அணை கட்டியபோது லான்வுதின் என்ற கிராமம் மூழ்கியது. அப்புறம் பர்மிங்ஹாம் நகரம் ஈலான் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டது. அன்று எழுந்த முணுமுணுப்பு பெரிய போராட்டமாகவில்லை.

1950-களில் லிவர்பூல் மறுபடி கிளம்பியது. முதலில் அது பார்த்த இடங்களில் ஒன்று டோலனோக். ஆன் க்ரிஃபித்ஸ் என்ற வேல்ஷ் பக்திக் கவிஞரோடு தொடர்புடைய மண் அது. எதிர்ப்பு வந்ததும் அதை விட்டுவிட்டு ட்ரவெரினுக்குத் திரும்பியது. 1955 டிசம்பரில், கார்டிஃப் தலைநகரமான அதே வாரத்தில், இந்தத் திட்டம் லிவர்பூல் பத்திரிகையில் வந்தது. கபெல் கெலின் மக்களுக்கு விஷயம் தெரிந்ததே அந்தச் செய்தி மூலமாகத்தான்.

மூழ்கப்போவது சுமார் 800 ஏக்கர். பள்ளத்தாக்கில் இருந்த 67 பேரில் 48 பேருக்கு வீடு போகும். பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும், ஒரு பள்ளிக்கூடம், தபால் நிலையம், தேவாலயம், அதன் இடுகாடு எல்லாம் நீருக்கடியில். பாலாவிலிருந்து ப்ளைனை ஃபெஸ்டினியாக் போகும் ரயில் பாதையும் அதோடு சேர்த்தி.

48 பேர் என்பது சின்ன எண்தானே என்று லிவர்பூல் தரப்பு வாதாடியது. வாதத்தைச் சட்டென்று ஒதுக்கிவிடவும் முடியாது. போரில் குண்டுவீச்சால் சிதைந்த நகரம் அது. சேரிகளை இடித்துப் புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் தேவைப்பட்டது. ஆனால் தேவைக்கு மேலே எடுத்து மற்ற இடங்களுக்கு விற்கவும் அந்த மாநகராட்சி தண்ணீர் வைத்திருந்தது என்பதை எதிர்ப்பாளர்கள் விடாமல் சுட்டிக்காட்டினார்கள். 1956 நவம்பரில் கபெல் கெலின் மக்கள் குழந்தைகளோடு லிவர்பூலுக்கே போய்த் தெருக்களில் ஊர்வலம் நடத்தினார்கள். வேல்ஸ் தேசியவாதக் கட்சியான ப்ளைட் கம்ரியின் தலைவர் க்வின்ஃபோர் எவன்ஸ் மாநகராட்சிக் கூட்டத்தில் எழுந்து பேச முயன்றபோது கூச்சலிட்டு அவரை அடக்கினார்கள்.

தனியார் மசோதா: முழுக் கதையும் இதில்தான்

பிரிட்டனில் வழக்கமான மசோதா என்பது நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் கேட்பது. ‘தனியார் மசோதா’ என்று இன்னொரு வகை உண்டு. ஒரு மாநகராட்சியோ ரயில்வே கம்பெனியோ தனக்கு மட்டும் சில அதிகாரங்கள் கேட்டு நாடாளுமன்றத்திடம் நேராகப் போவது அது. எம்.பி. ஒருவர் தன் பொறுப்பில் கொண்டுவரும் தனிநபர் மசோதாவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. லிவர்பூல் தேர்ந்தெடுத்தது இந்த வழியைத்தான். அதில் அதற்குக் கிடைத்த வசதிகள் இவை:

1. வேல்ஸில் உள்ள எந்த உள்ளூர் திட்டமிடல் அமைப்பின் அனுமதியும் தேவைப்படவில்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டால் மாவட்ட நிர்வாகம் மறுப்பதற்கு இடமே இல்லை.

2. எதிர்ப்பவர்கள் மனு கொடுத்து, வழக்கறிஞர் வைத்து, ஒரு சிறிய குழுவின் முன் வாதாட வேண்டும். நடைமுறை கிட்டத்தட்ட நீதிமன்ற வழக்கு மாதிரி. லண்டனில் பல நாள் வழக்கறிஞர் வைத்து வாதாட மாநகராட்சிக்குப் பணம் உண்டு. மலை விவசாயிக்கு?

3. அந்தக் குழு கேட்கும் கேள்வி, யாருடைய சொத்து, யாருக்கு எவ்வளவு பாதிப்பு, எவ்வளவு ஈடு என்பதுதான். ஒரு மொழிச் சமூகம் அழிகிறது என்ற வாதத்தை வைக்க அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு, மொழிக்கு யார் சொந்தக்காரர்?

4. கடைசியில் சபை வாக்களிக்கும்போது எல்லா எம்.பி.க்களின் வாக்கும் சமம். பாதிக்கப்படும் பகுதிக்கு என்று கூடுதல் எடை எதுவும் இல்லை.

நான்காவது அம்சம்தான் பின்னாளில் சுவர் எழுத்தாக மாறியது.

1957 ஜூலை 3-ஆம் தேதி மக்களவையில் இரண்டாம் வாசிப்பு வந்தது. ஆதரவு 166, எதிர்ப்பு 117. வேல்ஸின் 36 எம்.பி.க்களில் 35 பேர் மசோதாவுக்கு எதிர்ப்பு, மீதி ஒருவர் வாக்களிக்கவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 36 பேரும் ஒரே பக்கம் நின்றிருந்தாலும் அது 630 இடங்களில் ஆறு சதவீதத்துக்கும் குறைவு. ஜூலை கடைசியில் மூன்றாம் வாசிப்பு: 175-க்கு 79. நான்கு வாரத்தில் எதிர்ப்பு வாக்குகள் 117-லிருந்து 79-ஆக இறங்கிவிட்டதைக் கவனியுங்கள். வேல்ஸ் ஒரே குரலில் கடைசிவரை முழங்கியது என்ற பிற்காலச் சித்திரம் கொஞ்சம் பூசி மெழுகப்பட்டது. லிவர்பூல் மாநகராட்சி லேபர் கட்சியின் கையில் இருந்தது. வேல்ஸின் பெரும்பாலான எம்.பி.க்களும் லேபர். சொந்தக் கட்சித் தோழர்களோடு எவ்வளவு தூரம் மல்லுக்கு நிற்பது என்ற தயக்கம் அவர்களுக்கு இருந்தது.

அப்போதைய வேல்ஸ் விவகார அமைச்சர் ஹென்றி ப்ரூக், இங்கிலாந்துக்காரர். வீட்டுவசதி மற்றும் உள்ளாட்சித் துறையும் அவரிடமே. இங்கிலாந்து நகரத்துக்கு வீடும் தண்ணீரும் கொடுக்க வேண்டிய நாற்காலியும், வேல்ஸின் நலனைக் காக்க வேண்டிய நாற்காலியும் ஒரே ஆளுக்கு. அவர் மசோதாவை ஆதரித்தார். ஆகஸ்ட் 1-ஆம் தேதி அரச ஒப்புதல் கிடைத்து லிவர்பூல் மாநகராட்சிச் சட்டம் 1957 அமலுக்கு வந்தது.

ஆலோசனை மன்றம் கேட்டது, பிரதமர் கொடுத்தது

ஆலோசனை மன்றம் அரசுத் துறைகள் வேல்ஸில் எப்படிச் செயல்படுகின்றன என்று நெடுநாள் ஆராய்ந்து, 1957 ஜனவரியில் தன் மூன்றாவது அறிக்கையை வெளியிட்டது. பரிந்துரை தெளிவானது. அமைச்சரவையில் இடமுள்ள ஒரு தனி அமைச்சரும், அவருக்குக் கீழ் ஒரு வேல்ஸ் அலுவலகமும் வேண்டும். ஸ்காட்லாந்துக்கு இருப்பது போல.

மன்றத்தின் தலைவர் ஹியூ டி. எட்வர்ட்ஸ் வடக்கு வேல்ஸின் தொழிற்சங்கத் தலைவர். பிரிவினை பேசுகிறவர் என்று அவரை யாரும் ஒதுக்க முடியாது. ஆனாலும் பிரதமர் மேக்மில்லன் பரிந்துரையை அந்த டிசம்பரில் நிராகரித்தார். மாற்றாக ஒரு துணை அமைச்சர் பதவி உருவானது. அதற்கு வந்தவர் பிரெக்னக்ஷயரின் உள்ளாட்சி உறுப்பினர் விவியன் லூயிஸ். அரசியல் வட்டாரத்திலேயே பலருக்குப் பெயர் தெரியாதவர். பதவிக்காகவே பிரபுப் பட்டம் கொடுத்து, ‘லார்டு பிரெக்கன்’ ஆக்கி, மேலவையில் உட்காரவைத்தார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் நின்று ஜெயித்தவர் கூட இல்லையே என்று வேல்ஸில் கேலி பறந்தது. எட்வர்ட்ஸ் 1958 அக்டோபரில் மன்றத் தலைமையிலிருந்து விலகினார்.

அரசு வழி அடைபட்டபோது பண்பாட்டு வழி

இதே ஆண்டைப் பண்பாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தால் வேறு ஒரு வேல்ஸ் தெரிகிறது. அரசு கொடுத்த அமைப்புகள் கையாலாகாமல் நின்றன. மக்கள் தாங்களே கட்டிய அமைப்புகள் நன்றாகவே ஓடின.

‘ஐஸ்டெத்வோட்’ என்பது வேல்ஸின் கவிதை, இசைப் போட்டி விழா. தேசிய ஐஸ்டெத்வோட் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஊர் ஊராக மாறி நடக்கும். மேடையில் வேல்ஷ் மட்டுமே என்ற விதி 1950-ல் கெயர்ஃபிலி விழாவிலிருந்து நடைமுறைக்கு வந்தது. 1957 விழா ஆங்கிள்சி தீவின் லாங்கெவ்னியில். மசோதா சட்டமான சில நாட்களுக்குள்! கடுமையான மரபு யாப்பில் எழுதும் கவிஞருக்கே ‘நாற்காலி’ பரிசு. அந்த வருடம் அதைப் பெற்றவர் க்விலிம் டில்ஸ்லி, ஆள் குறைந்து தேயும் ஒரு பள்ளத்தாக்கைப் பற்றி எழுதிய கவிதைக்காக. தலைப்பை முன்கூட்டியே கொடுப்பது ஐஸ்டெத்வோட் வழக்கம். அதனால் இதை ட்ரவெரினுக்கான நேரடிப் பதிலாக வாசிக்க வேண்டியதில்லை. பள்ளத்தாக்குகள் காலியாவது அன்று வேல்ஸில் பொதுவான கவலையாக இருந்தது என்பது போதும்.

இன்னொரு ஐஸ்டெத்வோட் தென் வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர் சங்கத்துடையது. போர்த்கால் என்ற கடற்கரை ஊரில் அது நடக்கும். அக்டோபர் 5 அன்று அங்கே நடந்தது உலகச் செய்தி. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் 1920-களின் இறுதியில் லண்டன் தெருவில் வேல்ஷ் சுரங்கத் தொழிலாளர்களைச் சந்தித்ததிலிருந்து அவர்களுக்கு நெருக்கமானவர். இடதுசாரிக் கருத்துகளுக்காக 1950-ல் அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கியது. ஆளை வரவிடவில்லை, சரி. குரலை? அட்லாண்டிக் கடலுக்கடியில் முதல் தொலைபேசிக் கேபிள் 1956-ல் போடப்பட்டிருந்தது. நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடத்தில் ராப்சன் பாட, போர்த்கால் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் ஒலிபெருக்கியில் கேட்டார்கள். சங்கத் தலைவர் வில் பெய்ன்டர் இந்த முனையிலிருந்து அவரோடு பேசினார். ட்ரியோர்க்கி ஆண்கள் பாடகர் குழு கேபிள் வழியே அவருக்குத் திரும்பப் பாடியது. அவருக்கு மறுபடி பாஸ்போர்ட் கிடைத்தது 1958-ல். அந்த ஆகஸ்டில் எப்பு வேல் தேசிய ஐஸ்டெத்வோட் மேடைக்கு அவரே நேரில் வந்துவிட்டார்.

ஒரு வல்லரசின் தடையை ஒரு தொழிற்சங்கம் தொலைபேசி வாடகை கொடுத்துத் தாண்டியது. தன் சொந்த நாட்டுப் பள்ளத்தாக்கை 35 எம்.பி.க்களால் காப்பாற்ற முடியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அன்று வேல்ஸின் பலம் எங்கே இருந்தது என்று புரியும். கூடவே ஒரு சங்கடமான உண்மையும் உண்டு. போர்த்காலின் வேல்ஸ் பெரும்பாலும் ஆங்கிலம் பேசியது, வர்க்க ஒற்றுமையை நம்பியது, உலக அரசியலைப் பார்த்தது. கபெல் கெலினின் வேல்ஸ் தேவாலயத்தையும் மொழியையும் மையமாகக் கொண்டது. 1957-ல் இவை இரண்டும் ஒரே போராட்டமாகச் சேரவில்லை.

கார்மார்தன் இடைத்தேர்தல்

இந்த ஆண்டின் இன்னொரு திருப்பம், நடந்தபோது யாருக்கும் திருப்பமாகத் தெரியாதது. பிப்ரவரி 28 அன்று கார்மார்தன் தொகுதியில் இடைத்தேர்தல். முன்னாள் பிரதமர் லாய்ட் ஜார்ஜின் மகள் மேகன், லிபரல் கட்சியை விட்டு லேபருக்கு வந்து, தன் தந்தையின் கட்சியிடமிருந்தே அந்தத் தொகுதியைப் பறித்தார். வேல்ஸ் நாடாளுமன்றம் கேட்ட கையெழுத்து இயக்கத்தின் தலைவரும் அவர்தான். அவருடைய அண்ணன் க்விலிம் அதற்கு முந்தைய மாதம் வரை கன்சர்வேட்டிவ் அரசில் வேல்ஸ் விவகார அமைச்சர்! 1966-ல் மேகன் இறந்தபோது அதே கார்மார்தனில் மறுபடி இடைத்தேர்தல் வந்தது. அதில் ஜெயித்தவர் க்வின்ஃபோர் எவன்ஸ், ப்ளைட் கம்ரியின் முதல் எம்.பி.

விளைவுகள்: எவை நேரடி, எவை சுற்றுவழி

1957-லிருந்து 1966-க்கு ஒரே கோடாகப் பலர் இழுத்துவிடுகிறார்கள். ஆனால் 1959 பொதுத்தேர்தலில் க்வின்ஃபோர் எவன்ஸ் நின்றது ட்ரவெரின் அடங்கிய மெரியனெத்திலேயே. அங்கே அவர் தோற்றார். கோபம் உடனே வாக்காகவில்லை.

அது முதலில் வேறு வடிவங்கள் எடுத்தது. 1962-லும் 1963-லும் அணை கட்டுமிடத்தில் இளைஞர்கள் நாசவேலைகளில் இறங்கி, தண்டனையும் பெற்றார்கள். 1962 பிப்ரவரியில் வேல்ஷ் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் மொழியின் கதியைப் பற்றி ஆற்றிய உரை, அதே வருடம் வேல்ஷ் மொழிச் சங்கம் தோன்றக் காரணமானது. அந்த உரையிலும் ட்ரவெரின் வருகிறது. 1964-ல் லேபர் ஆட்சிக்கு வந்ததும் மன்றம் கேட்டிருந்த அமைச்சர் பதவி ஒருவழியாக வந்தது. முதல் அமைச்சர் ஜிம் க்ரிஃபித்ஸ். இதற்கு ட்ரவெரினை விட மன்றத்தின் அறிக்கையும் கட்சிக்குள் க்ரிஃபித்ஸ் கொடுத்த அழுத்தமும்தான் கூடுதல் காரணம் என்பது என் கணிப்பு. 1967-ல் முதல் வேல்ஷ் மொழிச் சட்டம்.

பள்ளத்தாக்கு விஷயம்? தேவாலயத்தில் கடைசி வழிபாடு 1963 செப்டம்பரில் நடந்தது. எட்டு உடல்களைத் தோண்டி வேறிடத்தில் புதைத்தார்கள். மற்றவற்றின் மேல் கான்கிரீட். 1965 அக்டோபர் 21 அன்று நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் ஒலிபெருக்கிக் கம்பிகளை எதிர்ப்பாளர்கள் அறுத்துவிட, விழா மூன்று நிமிடம் கூட நீடிக்கவில்லை. தண்ணீர் குழாய் வழியாக லிவர்பூலுக்குப் போகவில்லை. டீ நதியில் திறந்துவிடப்பட்டு, செஸ்டர் பக்கத்தில் எடுக்கப்பட்டது. 2005-ல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது.

சுயாட்சிக்கும் இதுவே வித்து என்பவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 1979-ல் வேல்ஸ் சபை வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு வைத்தபோது, ஐந்தில் நான்கு பங்கு வாக்குகள் ‘வேண்டாம்’ என்று விழுந்தன. மூழ்கடிப்பை நேரில் பார்த்த தலைமுறைதான் அப்படி வாக்களித்தது. 1997-ல் சுரங்கங்கள் மூடப்பட்டு, தாட்சர் ஆட்சியின் பதினோரு வருடங்களும் அதன் வாரிசு ஆட்சியும் கடந்த பிறகு, மறுபடி கேட்டார்கள். இந்த முறை ‘வேண்டும்’ ஜெயித்தது, 6,721 வாக்கு வித்தியாசத்தில்.